முயலகன் முதுகில் போட்ட கோடுகள்

முள்ளிப்பட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாதியைக் குழித்தறி பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. நைனா குழிக்குள் காலை விட்டு மிதியை மிதிக்க, மேலே ஜக்கார்டு பெட்டியில் அட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்ப, அந்தச் சத்தத்துக்கு நடுவே சன்னல் வெளிச்சத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு நான் படம் போட்டுக்கொண்டிருப்பேன்.

உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும், வாரப் பத்திரிகைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த ஒரு கனத்த புத்தகம். எங்களிடம் இருந்தது, தேவன் எழுதி சில்பி வரைந்து ஆனந்த விகடனில் வந்த ‘தென்னாட்டுச் செல்வங்கள்’. நாமக்கல்லில் 1919-இல் பிறந்த சீனிவாசனுக்கு ‘சில்பி’ என்று பெயர் சூட்டியவர் ஓவியர் மாலி. கோயில் கோயிலாகப் போய், சிலைக்கு எதிரே உட்கார்ந்து, பார்த்துப் பார்த்து வரைந்தவர் அவர்.

நான் எடுத்துக்கொண்டது அவருடைய நடராஜர். உருவம் எப்படியோ வந்துவிட்டது. ஆனால் காலடியில் கிடக்கும் முயலகன் தகட்டில் வெட்டி ஒட்டியதுபோல் தட்டையாகக் கிடந்தான். நிழலுக்காகப் பென்சிலைத் தேய்த்து விரலால் இழுசினேன், அழுக்குத்தான் மிஞ்சியது. புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அதில் சாம்பல் நிறமே இல்லை. அந்தக் கால லைன் பிளாக் அச்சில் கறுப்பு உண்டு, வெள்ளைத்தாள் உண்டு, நடுவில் எதுவும் கிடையாது. நிழல் வேண்டுமென்றால் கோட்டுக்கு மேல் கோடு போட்டுத்தான் உண்டாக்கவேண்டும்.

மசியில் தொட்டெழுதும் பேனாவோடு நான் திணறுவதை, டீ குடிக்க எழுந்துவந்த நைனா பார்த்தார். “கோடு ஒண்ணுமேல ஒண்ணு முட்டுது பாரு. பாவு இழை மாதிரி தள்ளித்தள்ளிப் போடுடா. ஊடை அப்புறம்.”

அன்று பிடிபட்டது. முதலில் ஒரே பக்கமாகச் சீரான கோடுகள். மசி காயும்வரை காத்திருந்து, அவற்றின்மேல் சற்றே சாய்த்து அடுத்த வரிசை. நேர்க்குறுக்காகப் போட்டால் சல்லடை மாதிரி ஆகிவிடும். சாய்த்துப் போட்டால் முதுகு உருண்டு எழும். பாதம் அழுத்தும் இடத்தில் மட்டும் மூன்றாவது வரிசை. வெளிச்சம் விழும் தோளில் ஒரு கோடும் கூடாது. மசி சொட்டிவிட்டால் பிளேடால் சுரண்டவேண்டும். சுரண்டிய இடம் கடைசிவரை தெரியும்.

இன்று தம்பி மகள் டேப்லெட்டில் ஒரு பிரஷ்ஷைத் தொட்டால் குறுக்குக் கோடுகள் தாமாக விழுகின்றன. பிடிக்காவிட்டால் ஒரு தட்டில் மறைகின்றன. வரைபடத்தாளில் கட்டம் கட்டமாக நிரப்பி, அட்டையில் துளை குத்திய சேலை டிசைனையும் இன்று கம்ப்யூட்டர் போட்டுவிடுகிறது. நைனாவின் காலத்திலேயே வந்திருந்தால் எத்தனையோ பேருடைய கண் பிழைத்திருக்கும்; அதனால் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் மசி காயக் காத்திருந்த அந்த நேரம், அடுத்த கோடு எங்கே விழவேண்டும் என்று படத்தையே பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரம், அவளுக்குக் கிடைக்கவில்லை. நான் கற்றதெல்லாம் அந்த நேரத்தில்தான்.

அப்படி ஒரு பைண்டு புத்தகம் உங்கள் பரணில் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வீட்டுப் பிள்ளையிடம் அதையும் ஒரு மைப்பேனாவையும் கொடுத்து, சன்னலோரம் உட்காரவையுங்கள். ரப்பர் மட்டும் வேண்டாம்.