நேற்றில் வாழும் டெக்சாஸ் சார்

பம்மலில் காலை ஏழு மணி என்றால் டெக்சாஸில் இன்னும் நேற்று ராத்திரி. எங்கள் தெரு டெக்சாஸ் சாருக்கு இதில் அலாதி சந்தோஷம். "நமக்கு இன்னிக்கு வந்தாச்சு சார். அவனுக்கு இன்னும் நேத்துதான் ஓடுது. நேத்து நல்லாத்தானே இருந்தது?" என்பார், டீ கிளாஸை ஊதிக்கொண்டே. பழமைவாதிக்கு இதைவிட வசதியான தேசம் எங்கே கிடைக்கும்?

அவர் வீட்டுக் கூடத்தில் இரண்டு கடிகாரங்கள். ஒன்று இந்திய நேரம், இன்னொன்று டல்லாஸ் நேரம். இந்தியக் கடிகாரம் 2025 பொங்கலுக்கு முன்பே நின்றுபோனது. பேட்டரி மாற்ற ஆளில்லாமல் கிடந்தது. டல்லாஸ் கடிகாரத்துக்கு மட்டும் ராஜ உபசாரம். மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறு ஸ்டூல் போட்டு ஏறி முள்ளை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார். நவம்பர் முதல் ஞாயிறு மறுபடி ஏறிப் பின்னே இழுப்பார். வீட்டம்மா டல்லாஸ் நேரத்தில் குளிர்காலமானால் அரை மணியும், கோடையானால் ஒன்றரை மணியும் கழித்துக் கணக்குப் போட்டுத்தான் குக்கர் வைத்தார். அந்த அம்மாள் கணக்கில் ஒருநாளும் சாதம் குழைந்ததில்லை.

அவருடைய இயற்பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. தெருவில் யாருக்கும் ஞாபகமில்லை. இந்த ரகத்தில் பம்மலில் தெருவுக்கு ஒருவர் தேறுவார். மத்திய அரசில் முப்பத்தைந்து வருட உத்தியோகம், எண்பதுகளில் அரை கிரவுண்டு வாங்கிக் கட்டிய வீடு, மாடியில் ஒரு போர்ஷன் வாடகைக்கு, பொறியியல் படித்து எச்-1பி விசாவில் பறந்துபோன பிள்ளை. தலைக்கு மேல் மீனம்பாக்கத்திலிருந்து கிளம்புகிற விமானச் சத்தத்தை வைத்தே "இது ஃப்ராங்க்ஃபர்ட் வழி" என்று படுக்கையிலிருந்து சொல்வார்கள்.

2016-ல் சார் ஜெமினி பாலத்தடியில் விசா வரிசையில் நின்று, டல்லாஸ் பக்கத்து ஃபிரிஸ்கோவில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தார். மகனும் மருமகளும் காலையில் கிளம்பிப் போய்விடுவார்கள். வாசலில் ஆள் நடமாட்டம் கிடையாது. நடந்து போனால் கார்க்காரன் நிறுத்தி, "ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்கிறான். பேச்சுத்துணைக்கு இருந்தது ஃபாக்ஸ் நியூஸ் மட்டும்தான். ஆறு மாதம் ஒரே ஆளோடு பேசிக்கொண்டிருந்தால் அந்த ஆளின் குரல் தொற்றிக்கொள்ளத்தானே செய்யும்? போகும்போது சாதாரண பென்ஷன்தாரர். திரும்பி வரும்போது கன்சர்வேட்டிவ்.

வந்த மறுநாளே டீக்கடையில் பிரகடனம் செய்தார்: "நான் இனிமே கன்சர்வேட்டிவ்."

டீ மாஸ்டர் மரியாதையாக எழுந்து, "கன்சர்வன்சியா சார்? அப்போ நம்ம தெருக் குப்பையைக் கொஞ்சம் சொல்லி எடுக்கச் சொல்லுங்க" என்றார்.

மனிதர் அசரவில்லை. அன்றிலிருந்து பாடம் நடக்கிறது. மேஜை மேல் பொறை பிஸ்கட்டை அடுக்கி, 538 எலெக்டர்கள், அதில் 270 பிடித்தவன் ராஜா என்று விளக்குவார். பென்சில்வேனியாவுக்கு 19, விஸ்கான்சினுக்கு 10 என்று தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் சொல்வார். 2016-ல் ஹிலாரி கிளிண்டன் 28 லட்சம் ஓட்டு அதிகம் வாங்கியும் தோற்ற கதையை அவர் சொன்னபோது டீ மாஸ்டர் ஆற்றுவதையே நிறுத்திவிட்டார். "28 லட்சம் கூட வாங்கித் தோத்தாங்களா! பூத் செலவு சரியாப் போய்ச் சேரலையா சார்?"

2021-ல் பம்மல், அனகாபுத்தூர், பல்லாவரம் எல்லாவற்றையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். மொத்தம் 70 வார்டு. சார் வீடு எந்த வார்டு என்று கேட்டுப் பாருங்கள். "அது அவ கையில இருக்கிற வரி ரசீதுல இருக்கும்" என்பார்.

இதை அறியாமை என்று நினைத்தால் நாம்தான் ஏமாளி. அவருக்கு எல்லாம் தெரியும். ஆனால் உள்ளூர் அரசியலில் வாயைத் திறந்தால் என்ன ஆகும்? பால்காரர் ஒரு கட்சி, கேன் தண்ணீர் போடுகிற தம்பி வேறு கட்சி, மாடி போர்ஷன்காரர் மூன்றாவது கட்சி, சம்பந்தி நான்காவது. கவுன்சிலரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்கும்போது எந்த முகத்தோடு போய் நிற்பது? பேரவா இருக்கிறது, பேச இடமில்லை. அமெரிக்க அதிபரைத் திட்டலாம், தூக்கி வைத்து ஆடலாம், பம்மல் மெயின் ரோட்டில் ஒருவர் முகமும் சுளிக்காது. நாடக உலகின் பிதாமகர் சம்பந்த முதலியாரின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட ஊர் இது. அவர் 1891-லேயே சுகுண விலாச சபை கண்டவர். தொண்டை திறந்து வசனம் பேச இந்த ஊர்க்காரருக்கும் ஒரு மேடை வேண்டாமா?

விளையாட்டிலும் அவருக்குக் கொள்கை உண்டு. கையால் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு ஃபுட்பால் என்று பெயர் வைத்திருப்பதை அவரால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. பேஸ்பால் என்பது கிட்டிப்புள்ளுக்குக் கோட் சூட் மாட்டியது என்பது அவர் தீர்ப்பு. கிரிக்கெட் என்றால் மட்டும் இளகிவிடுவார். மகன் அனுப்பிய டெக்சாஸ் சூப்பர் கிங்ஸ் மஞ்சள் பனியனில்தான் காலை நடை. 2024 ஜூன் 6-ம் தேதி, டல்லாஸ் பக்கத்திலேயே, உலகக் கோப்பையில் அமெரிக்கா பாகிஸ்தானை சூப்பர் ஓவரில் சாய்த்தபோது மறுநாள் டீ அவர் செலவு.

"பார்த்தீங்களா? அமெரிக்காக்காரன் கையில எதைக் கொடுத்தாலும் ஜெயிப்பான்."

"சூப்பர் ஓவர் போட்டது மும்பையில பிறந்த நேத்ரவால்கர். கேப்டன் மோனாங்க் படேல் குஜராத். வெளியாள் வரக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

"அதெல்லாம் லெஃப்ட் ஆர்ம் பௌலர் சார். அவங்களுக்கு வேற ரூல்."

ஆறு நாள் கழித்து அதே நேத்ரவால்கர் கோலியை முதல் பந்திலேயே பெவிலியனுக்கு அனுப்பியதும் அந்த ரூலையும் வாபஸ் வாங்கிக்கொண்டார்.

அமெரிக்க வாழ்க்கை பற்றி அவர் நோட்டில் பாதி வரவு, பாதி செலவு. வரிசையில் நிற்கிறான், ஹாரன் அடிக்க மாட்டான், வரவு. சாப்பிட்ட பிறகு பில்லுக்கு மேல் நூற்றுக்கு இருபது டிப்ஸ் கேட்கிறான், துணியை வெயிலில் காயப்போடத் தெருவே ஒத்துக்கொள்ளாது, பாத்ரூமில் தண்ணீருக்குப் பதில் காகிதம், செலவு. ஆறு மாதமும் ஒரு பிளாஸ்டிக் சொம்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மால் மாலாகச் சுற்றியிருக்கிறார். கன்சர்வேட்டிவ் என்ற சொல்லுக்கு அவரிடம் இருக்கிற ஒரே அப்பழுக்கற்ற சாட்சி அந்தச் சொம்புதான்.

மற்ற கொள்கைகள் எல்லாம் வாசல்படி தாண்டினால் கொஞ்சம் வளையும். "அரசாங்கம் சின்னதா இருக்கணும் சார்" என்பார். ஜனவரியிலும் ஜூலையிலும் அகவிலைப்படி எத்தனை சதவீதம் என்று முதலில் சொல்வதும் அவர்தான். எட்டாவது ஊதியக் குழுவில் பென்ஷன் எவ்வளவு ஏறும் என்பதற்கு மூன்று விதக் கணக்கு சட்டைப்பையில் தயார். இலவசம் நாட்டைக் கெடுக்கும் என்பார். பொங்கல் தொகுப்பு வரிசையில் அவர் பையைத்தான் முதல் இடத்தில் பார்க்கலாம். சுற்றுச்சூழல் சட்டம் போட்டுத் தொழிலை நசுக்கக் கூடாது என்று ஒரு நாள் முழங்கிக்கொண்டிருந்தார். தோல் ஷெட் பக்கம், போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாத ஊரில் இருந்துகொண்டு. பாதிப் பேச்சில் கேன் தண்ணீர் வண்டி வந்தது. "ரெண்டு கேன் இறக்குப்பா" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

மெக்சிகோ எல்லையில் சுவர் எழுப்புவதில் அவருக்கு இருந்த ஆர்வம் ட்ரம்புக்கே இருந்திருக்காது. அவர் வீட்டிலும் ஒரு காம்பவுண்டுச் சுவர் உண்டு. அதற்கு மேல் பக்கத்து வீட்டு முருங்கை எட்டிப் பார்க்கிறது. அனுமதி இல்லாமல் எல்லை தாண்டி வந்த அந்தக் கிளையிலிருந்து வாரம் இரண்டு நாள் சாம்பார், ஒரு நாள் கீரை அடை. ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரர் கிளையை வெட்ட ஆள் கொண்டுவந்தபோது, "பாவம், பச்சை மரத்தை வெட்டாதீங்க" என்று தடுத்து நின்றவர் யார் என்று நினைக்கிறீர்கள்?

ஆனால் ராம்ப் விவகாரத்தில்தான் அவர் கொள்கையின் முழு விஸ்தீரணத்தையும் பார்த்தேன். அவர் வீட்டு வாசலில் ஸ்கூட்டர் ஏற்ற ஒரு சிமெண்டுச் சரிவு. தெருவுக்குள் இரண்டடி நீண்டிருக்கும். மழைநீர்க் கால்வாய் வேலைக்கு ஜேசிபி வந்தது. மேஸ்திரி டேப்பை நீட்டி அளந்தார், சுண்ணாம்பில் கோடு போட்டார், கோட்டுக்கு வெளியே இருந்ததைக் காட்டி, "இது ரோடு சார், எடுக்கணும்" என்றார்.

சார் மஞ்சள் பனியனோடு ராம்ப் மேல் ஏறி நின்றுவிட்டார்.

"இது முப்பது வருஷமா இங்க இருக்குப்பா. யாருக்கு என்ன தொந்தரவு பண்ணிச்சு? திடீர்னு வந்து கோடு போட்டு, நீ சட்டவிரோதம், வெளியே போன்னா எப்படி? ஒரு நோட்டீஸ் வேணாம்? ஒரு மனிதாபிமானம் வேணாம்?"

நான் மெதுவாகப் பக்கத்தில் போய், "சார், இதைத்தான் லாஸ் ஏஞ்சலீஸ்ல குடியேறினவங்களும் சொல்றாங்க" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவங்க வெளியிலிருந்து வந்தவங்க. இந்த ராம்ப் இங்கேயே பிறந்தது" என்றார்.

பிறந்த மண்ணின் உரிமைக்கு அமெரிக்க அரசியல் சாசனத்தில் 1868-ல் வந்த பதினான்காவது திருத்தம் உண்டு. மேஸ்திரிக்கு அது தெரியாது. ஜேசிபி ஒரு இழுப்பு இழுத்தது. ஸ்கூட்டர் இரண்டு வாரம் எதிர்வீட்டில் தஞ்சம்.

2025 வந்தது; அவருடைய ஒரே சுதந்திர மேடைக்கும் ஆபத்து வந்தது. ஏப்ரலில் ட்ரம்ப் உலக நாடுகளுக்கெல்லாம் வரி அறிவித்தபோது, "அப்படிப் போடு! வரி போட்டாத்தான் உள்ளூர்த் தொழில் நிமிரும்" என்று டீக்கடையில் கை தட்டினார். ஆகஸ்ட் 27-ல் இந்தியச் சரக்குக்கு வரி 50 சதவீதம் ஆனது. மாடி போர்ஷன்காரருக்குத் தோல் பை தைத்து ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் வேலை. மாதக் கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு இறங்கி வந்தார். "அமெரிக்கா ஆர்டர் நின்னுபோச்சு சார். ஓவர்டைம் இல்ல. இந்த மாச வாடகை கொஞ்சம் முன்னபின்ன ஆகும்." உள்ளூர்த் தொழில் நிமிர்ந்ததை சார் தம் வீட்டு மாடிப்படியிலேயே பார்த்துவிட்டார்.

அடுத்தது செப்டம்பர் 20. புரட்டாசி முதல் சனிக்கிழமை. லீவில் வந்திருந்த மகன் வீட்டில் இருந்தான். தளிகைக்கு வடை மாவு அரைபடுகிற நேரத்தில் போன் அலற ஆரம்பித்தது. புது எச்-1பி உத்தரவு. ஒரு லட்சம் டாலர் கட்டணம். நம் பணத்தில் சுமார் 88 லட்சம். யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்று அந்தக் காலை வேளையில் ஒருவருக்கும் விளங்கவில்லை. கெடு முடிவது அமெரிக்கக் கிழக்கு நேரப்படி நள்ளிரவு. நமக்கு ஞாயிறு காலை ஒன்பதரை. அதற்குள் அமெரிக்க மண்ணை மிதித்துவிடு என்று மகனின் ஆபீஸிலிருந்து மெயில்.

அன்றைக்கு நான் போனபோது மகன் லேப்டாப்பில் டிக்கெட் தேடிக்கொண்டிருந்தான். வீட்டம்மா வடைச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு சுவரோரம் நின்றார். சார் பேசவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அண்ணாச்சி கடைக்குப் போய் ஒரு பேட்டரி வாங்கிவந்தார். ஸ்டூல் போட்டு ஏறி, இந்தியக் கடிகாரத்தை இறக்கி, தூசி தட்டி, பேட்டரி போட்டு, முள்ளைத் திருப்பி, மறுபடி மாட்டினார். ஒன்பது மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் இந்திய நேரம் ஓட ஆரம்பித்தது. அதன் கீழேயே உட்கார்ந்துகொண்டார்.

நள்ளிரவுக்கு மேல் விளக்கம் வந்தது: புது விண்ணப்பங்களுக்கு மட்டும்தான். மகன் குறித்த தேதியில் நிதானமாக விமானம் ஏறினான். ஆறிப்போன வடையைத் தெருவே சாப்பிட்டது.

அதற்குப் பிறகு ஒரு மாதம் டீக்கடையில் அவர் வாயிலிருந்து அமெரிக்கா என்ற சொல்லே வரவில்லை. மழை, முழங்கால் வலி, தக்காளி விலை என்று ஏதோ பேசினார். பொறை பிஸ்கட்டைத் தேர்தல் வரைபடமாக அடுக்காமல் நனைத்துச் சாப்பிட்டார். பார்க்கவே பாவமாக இருந்தது.

அக்டோபர் கடைசியில் ஒரு காலை, நடையில் பழைய மிடுக்கு.

"சார், ஜப்பான்ல ஒரு அம்மா பிரதமரா வந்திருக்காங்க, பார்த்தீங்களா? சனே தகாய்ச்சி. அந்த நாட்டுக்கே முதல் பெண் பிரதமர். அசல் கன்சர்வேட்டிவ். தாட்சர்தான் அவங்களுக்கு மாடல். வெளியாள் விஷயத்துல ரொம்பக் கண்டிப்பு..."

சட்டென்று நிறுத்தினார். கடையைச் சுற்றி ஒரு பார்வை. குரலைத் தாழ்த்தி, "நம்ம ஏரியாவுல யாரும் ஜப்பான்ல இல்லையே?" என்றார்.

டீ மாஸ்டர் கிளாஸைத் துடைத்துக்கொண்டே, "எங்க மச்சான் பையன் ஒசாகாவுல இருக்கான் சார். போன வருஷம்தான் போனான்" என்றார்.

சார் ஒரு வாய் டீ குடித்தார்.

"அங்க ரயில் எல்லாம் டைமுக்கு வருமாமே?"