அஞ்சு ஜிக்கு என்னலே அவசரம்?

வாலே பேராண்டி, இந்தத் திண்ணையில செத்த உக்காரு. மொட்டைமாடித் தண்ணித்தொட்டி மேல ஏறி, போன வானத்தப் பாத்துத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு நிக்கியே, கீழத்தெருக்காரன் பூரா "பெரியவரு பேரனுக்கு ஏதும் நேர்த்திக்கடனா"ன்னு எங்கிட்ட கேக்கான். "இல்லய்யா, அவனுக்கு அஞ்சாவது ஜி எறங்குதான்னு பாக்கான்"னு சொன்னேன். பலசரக்குக்கடைக்காரரு துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு, "எந்தக் கோயில்ல?"ன்னு கேக்காரு. நான் என்னத்தச் சொல்ல?

இருபத்தஞ்சாயிரம் ரூவாயாம்லா. ஒங்க அம்மா சொன்னா. வட்டியில்லாத் தவணையாம். வட்டியில்லாமக் கடன் குடுக்க ஒரு மகராசன் இந்த ஜில்லாவுல பொறந்திருக்கான்னு இம்புட்டு வயசு வரைக்கும் எனக்குத் தெரியாமப் போச்சே! விசாரிச்சியா? ரொக்கமாக் குடுத்தா கழிச்சுக் குடுக்கிற தள்ளுபடி தவணைக்காரனுக்குக் கெடையாது. அதுபோக பிராசஸிங் சார்ஜுன்னு ஒண்ணு, அதுக்குத் தனியா ஒரு ஜிஎஸ்டி. போனுக்கே 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. 2020 ஏப்ரலுக்கு முந்தி 12தான். நீ குடுக்கிற இருபத்தஞ்சாயிரத்துல மூவாயிரத்து எண்ணூறு சொச்சம் சர்க்காருக்குப் போகுது. நாட்டுக்கு உழைக்கணும்னு ஆசைப்பட்டா உழைச்சுக்கோ, நான் குறுக்க நிக்கல.

சரி, கையில இருக்கிற போனுக்கு என்ன சீக்கு? எடு பாப்போம். கண்ணாடியில மூலையில ஒரு கீறல். பேசுனா கேக்குது. போட்டோ விழுது. பெறவென்ன? "இதுல 5ஜி வராது தாத்தா." வந்தா என்ன பண்ணுவ? "படம் கட்டாம ஓடும்." கட்டுதா இப்ப? பதிலக் காணோம். கையகலக் கண்ணாடியில நல்ல தெளிவாப் படம் பாக்க, நொடிக்கு 5 மெகாபிட் வந்தாப் போதும். இந்த 4ஜியே ஆளில்லாத நேரத்துல அதப்போல பல மடங்கு கொண்டாந்து கொட்டும். மிச்சத்த நீ என்ன, குலுக்கையில கொட்டிச் சேத்து வைக்கவா போற?

கேளு, நம்மூரு அம்மன் கொடைக்கு நையாண்டி மேளம் வரும்லா. ராத்திரி பம்பைய அடிச்சான்னா, நீ கம்மாக்கரை தாண்டித் தோட்டத்துல படுத்துக் கெடந்தாலும் தும்முதும்முன்னு வந்து விழும். அதே எடத்துல ஒரு பொடியன் தாளம் போடுவான். பந்தலுக்குள்ள நிக்கிறவனுக்குக் காது கிழியும். கோயில் வாசலத் தாண்டுனா அவன் இருக்கிறதே தெரியாது. அலைவரிசைச் சங்கதியும் அம்புட்டுத்தான். 2022ல சர்க்காரு 5ஜிக்கு ஏலம் விட்டுச்சே, ஒன்றரை லட்சம் கோடிக்கு, அதுல ஜியோக்காரன் மட்டுந்தான் 700 மெகாஹெர்ட்ஸ வாங்குனான். அது பம்பை. 3,300 மெகாஹெர்ட்ஸ ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியான்னு மூணு பேரும் வாங்குனாங்க. அது தாளம். வேகமெல்லாம் தாளத்துலதான் இருக்கு. ஆனா டவருக்குப் பக்கத்துல நிக்கணும், நடுவுல செவரு இருக்கக் கூடாது. நம்ம வீட்டுச் செவரு ஒங்க பூட்டன் எழுப்புனது, ஒன்றரை அடிக் கனம். அவரு 5ஜியக் கணக்குல வைக்காமக் கட்டிட்டாரு, பாவம்.

அதனால நீ புதுப்போன் வாங்குனாலும் தொட்டி மேல 5ஜின்னு காட்டும், அடுப்பங்கரையில 4ஜின்னு காட்டும். ஏறி எறங்க ரெண்டு காலு வேணும், அத இப்பவே பழகிக்கிட்ட.

ஒங்களவிடப் பெரிய அவசரக்காரங்க இருந்தாங்கலே. 2020 பிப்ரவரியில, நம்ம நாட்டுல 5ஜி போனுன்னு மொதமொதலா எறக்குனாங்க. ரியல்மீ ஒண்ணு, ஐக்யூ ஒண்ணு. வாங்குனவன் பொட்டியப் பிரிச்சு, மூலையில பாக்கான், 4ஜி. அப்ப நாட்டுல ஒரு 5ஜி டவரு கெடையாது. ஏலமே நடக்கல! பெரதமரு டெல்லியில 5ஜியத் தொறந்து வச்சது 2022 அக்டோபர் 1. ரெண்டரை வருசத்துக்கு மேல சும்மா சுமந்திருக்கான். தொறந்து வச்சாங்களே, அப்பவாவது வந்துச்சா? ஆப்பிள் போனு வச்சிருந்தவனுக்கு, லட்சரூவா குடுத்திருந்தாலும், டிசம்பர்ல சாப்ட்வேரு அப்டேட்டு வந்த பெறவுதான் 5ஜி எழுந்திருச்சு. டவரு தயாரு, போனு தயாரு, ரெண்டுக்கும் பேச்சுவார்த்த முடியல. இதுல இன்னொரு கூத்து, அந்தக் காலத்துல வித்ததுல சில போனுல 5ஜிக்குன்னு ஒரே ஒரு அலைவரிசைதான். தாளம் மட்டும் கேக்கும், பம்பை கேக்காது. பொட்டியில கொட்ட எழுத்துல 5ஜின்னு போட்டவன் அத மட்டும் எறும்பு ஊருத எழுத்துல போட்டான்.

அதுக்கு முந்திப் போ. 3ஜின்னு ஒண்ணு வந்துச்சே, ஞாபகமிருக்கா? நீ அப்ப டவுசரு. 2010ல அந்த ஏலத்துக்கே கம்பெனிக்காரங்க அறுபத்தேழாயிரம் கோடிக்கு மேல கொட்டுனாங்க. ஒங்க சித்தப்பன் 3ஜி போனு வாங்கி, மூஞ்சியப் பாத்துப் பேசலாம்னு தெரு முழுக்கக் காட்டிக்கிட்டுத் திரிஞ்சான். எதுத்தாப்புல பேச இன்னொரு 3ஜிக்காரன் வேணும்லா? அவனுக்கு ஆளே கெடைக்கல. அவன் மூஞ்சிய அவனே பாத்துக்கிட்டான். 2016 செப்டம்பர்ல ஜியோ வந்து 4ஜியச் சும்மாக் குடுத்துச்சு. அவங்கிட்ட 2ஜியுங் கெடையாது, 3ஜியுங் கெடையாது. பேச்சும் 4ஜி வழியாத்தான். ஏர்டெல்காரன் 2020 வாக்குல 3ஜியவே மூட்டை கட்டிட்டான். பத்து வருசம்! அம்புட்டுத்தான் அதோட ஆயுசு.

இப்ப என் பட்டன் போனப் பாரு. ரப்பர்பேண்டு போட்டுக் கட்டியிருக்கேன்னு சிரிக்க. இது 2ஜி. நடுவுல வந்த 3ஜி செத்துப் போச்சு, மூத்தது இன்னும் முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. எதுக்கு? நாட்டுல கோடிக்கணக்குல பட்டன் போனு கெடக்கு, விட்டா அந்த ஆளுக போயிருவாங்கன்னு ஏர்டெல்லும் விஐயும் (அதான், வோடபோன் ஐடியா) 2ஜிய ஓட்டிக்கிட்டிருக்காங்க. இந்தப் போனுலேயே பணம் அனுப்பலாம், தெரியுமா? 2022 மார்ச்சுல ரிசர்வ் வங்கி அதுக்குன்னே யுபிஐ 123பேன்னு ஒண்ணு விட்டுச்சு. நான் அதுல உரக்கடைக்காரருக்குப் பணம் போடும்போது, நீ தொட்டி மேல ஏறி நின்னு "லோடாகுது, லோடாகுது"ன்னுக்கிட்டு இருந்த. சொல்லிக் காட்டல, நடந்ததச் சொல்லுதேன்.

அடுத்தது ரீசார்ஜு. இத ஒனக்குக் கடைக்காரன் சொல்லியிருக்க மாட்டான். 5ஜி வந்த புதுசுல, அத அளவில்லாம அள்ளிக் குடுத்தாங்க. 2024 ஜூலையில கட்டணத்த ஏத்துனப்ப ஜியோவும் ஏர்டெல்லும் ஒரு கட்டுப்பாடு வச்சாங்க: தெனம் 2 ஜிபிக்குக் கொறையாத பிளான் போட்டாத்தான் அளவில்லா 5ஜி. நீ போடுறது ஒன்றரை ஜிபி. போனுக்குத் தவணை ஒரு பக்கம், பிளானுக்கு ஏத்தம் ஒரு பக்கம், நடுவுல நீ. சம்பளம் வந்த அன்னைக்கு ரெண்டு பக்கமும் வந்து நிப்பாங்க.

பேட்டரியும் கேட்டுக்கோ. 5ஜியில ரெண்டு தினுசு உண்டு. ஜியோ தனிக் குடித்தனமாவே ஆரம்பிச்சது. ஏர்டெல் ஆரம்பத்துல 4ஜியக் கூடத் தொணைக்கு வச்சுக்கிட்டு ஓட்டுச்சு. தொணைக்கு ஆளு இருந்தா போனுக்குள்ள ரெண்டு ரேடியோவும் முழிச்சிருக்கும், பேட்டரிய ரெண்டு பேரும் தின்பாங்க. சிக்னலு வர்றதும் போறதுமா இருக்கிற எடத்துல இன்னும் மோசம். தேடித்தேடியே சார்ஜு எறங்கும். நம்மூரு அப்பிடிப்பட்ட எடந்தான்.

என்னலே மொகம் வாடிப் போச்சு? வாங்கவே கூடாதுன்னு நான் சொன்னேனா? மெட்ராசுல ஒனக்கு வேலை கெடைக்கணும்னு ஒங்க அம்மா நேர்ந்திருக்கா. அங்க கதை வேற. சாயங்காலம் ஏழு மணிக்கு ஹாஸ்டல்ல இருக்கிற அத்தன பேரும் ஒரே டவருல 4ஜிய உறிஞ்சுவான். மூலையில அஞ்சு கோடும் நிக்கும், படம் நகராது. அந்நேரம் 5ஜி ரோட்டுல கூட்டம் கம்மி. அப்ப வாங்கு, நானே மஞ்சப்பையில காசு கட்டித் தாரேன். (பாதி. பாதிதான் தருவேன்.) டவருல நெரிசலு இருக்கிறவனுக்குத்தான் 5ஜி, மூலையில எழுத்தப் பாக்கணும்னு ஆசைப்படுறவனுக்கு நான் சாக்பீஸ்ல எழுதி ஒட்டுவேன்.

அதுக்கு முன்னாடி ஒரு காரியம் பண்ணு. ஒங்க அத்தை மகன் 5ஜி போனு வச்சிருக்கான்லா, அவங்கிட்ட ஒரு நாளு எரவல் வாங்கு. ஒன் சிம்மக் கழட்டி அதுல போடு. 5ஜிக்குன்னு சிம்மு மாத்த வேண்டியதில்ல, 4ஜி சிம்மே போதும். போட்டுட்டு நீ அன்னாடம் எங்க இருப்பியோ அங்கெல்லாம் வச்சுப் பாரு. படுக்குற கட்டிலு, கோவில்பட்டி போற பஸ்ஸு, வேலை பாக்குற எடம், சாப்பாட்டு நேரத்துல ஒதுங்குற டீக்கடை. கடைக்காரன் கடைக்குள்ள காட்டுற வேகம், கடை மாடியில இருக்கிற டவரோட வேகம்.

இன்னொண்ணு, போனு எப்ப நெசமாவே சாகுதுன்னு ஜியப் பாத்துக் கண்டுபிடிக்க முடியாது. செட்டிங்ஸ்ல உள்ள போனா, செக்யூரிட்டி அப்டேட்டுன்னு ஒரு தேதி போட்டிருக்கும். அது வருசக்கணக்கா அசையாமக் கெடந்துச்சுன்னா, கம்பெனிக்காரன் ஒன்னயக் கைகழுவிட்டான்னு அர்த்தம். பேங்கு ஆப்பு வச்சிருக்கிறவனுக்கு அது ஆவாது. 2023 அக்டோபரோட வாட்ஸப்பே ஆண்ட்ராய்டு 4 போன்கள விட்டுருச்சு, அப்ப நம்ம டீச்சரம்மா வச்சிருந்த போனு டார்ச்சு லைட்டாப் போச்சு. கூகுள் பிக்சல் 8லயும் சாம்சங் எஸ்24லயும் ஏழு வருசத்துக்கு அப்டேட்டுன்னு வாக்குக் குடுத்தாங்க. வெல கொறஞ்ச போனுல பலதுக்கு அம்புட்டு வருசம் கெடையாது, வாங்குமுன்ன, "எத்தன வருசம்லே?"ன்னு கேளு. கடைக்காரன் கேமராவுல எத்தன மெகாபிக்சலுன்னு சொல்லுவான். நீ மறுபடியும் கேளு.

பேட்டரி உப்பி முதுகு தூக்குச்சுன்னா அன்னைக்கே நிப்பாட்டிரு, வெடிச்சா ஒங்க அம்மா என்னயத்தான் ஏசுவா. உப்பாம, சும்மா சீக்கிரம் எறங்குதுன்னா, அது பேட்டரிக்கு வந்த வயசு. நல்ல கடையில பேட்டரிய மட்டும் மாத்து. இருபத்தஞ்சாயிரத்துல அது எத்தன பங்குன்னு நீயே வகுத்துக்கோ, நீதான் கணக்குல பெரிய ஆளாச்சே.

பழைய 5ஜி போனு எங்கயாவது மலிவாக் கெடச்சாலும் சரிதான். ஆனா ஸ்டாரு, ஆஷு, சைபரு, ஆறு, ஆஷுன்னு தட்டு. பதினஞ்சு எலக்க ஐஎம்இஐ நம்பரு வரும். கேஒய்எம்னு இங்கிலீஷ் எழுத்துல அடிச்சு, எடம் விட்டு, அந்த நம்பரப் போட்டு 14422க்கு மெசேஜு அனுப்பு. திருட்டுப் போனுன்னு தடை பண்ணியிருந்தாச் சொல்லிரும். பாக்காம வாங்குனா 5ஜி வேகத்துல ஸ்டேஷனுக்குப் போவ.

அவசரப்படாதலே. விஐக்காரனே 2025 மார்ச்சுலதான் மும்பையில 5ஜிய ஆரம்பிச்சான். பிஎஸ்என்எல்லு சொந்தச் சரக்குல செஞ்ச 4ஜிய நாடு பூரா தொறந்து வச்சதே 2025 செப்டம்பர்ல. அதுக்குள்ள 6ஜியாம், 2030 வாக்குலயாம். சர்க்காரு 2023லயே அதுக்கொரு தொலைநோக்கு ஆவணம் போட்டுட்டுது. நீ 5ஜி போனுக்குத் தவணை கட்டி முடிச்சு நிமிர்றப்ப, அடுத்தவன் தொட்டி மேல ஏறியிருப்பான்.

என்ன, இம்புட்டுச் சொல்லியும் கண்ணு அந்த விளம்பரத்துலயே இருக்கு. சரி, வாங்கிக்கோ. வயசுப்பய, ஆசை இருக்கும். ஆனா ஒண்ணு. இந்தப் பழைய போன எக்ஸ்சேஞ்சுல போட்டுறாத. கண்ணாடியில கீறல் இருக்குன்னு ஆயிரத்துக்கும் எண்ணூறுக்கும் அடிச்சுக் கேப்பான், வயித்தெரிச்சலு. ஒன் படமெல்லாம் அழிச்சிட்டு, துடைச்சு, இந்தத் திண்ணையில வச்சிரு. சும்மா கெடக்கட்டும். நம்ம பக்கம் மேகம் எங்க நிக்குதுன்னு மழைப்படம் காட்டுதாம்லா, அது இதுல வரும்னு ஒங்க ஆச்சி சொல்லுதா. எனக்கு வேண்டாம்ப்பா, ஆச்சிக்குத்தான். 4ஜியே போதும் அவளுக்கு. சார்ஜரையும் சேத்து வச்சிட்டுப் போ.