பெயின்ற் உரித்தல்: வாவிக்கரை முறை

பழைய காரின் பெயின்றை உரித்தல் என்பது, தகரத்தின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசப்பட்ட பொய்களைக் கழற்றி, அடியில் இருக்கும் உண்மையைக் கண்டு கவலைப்படும் வேலையாகும். மட்டக்களப்புப் பகுதியில் இந்த வேலைக்கு அதிகம் அகப்படுவது மொரிஸ் மைனர். 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்து, 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட இந்தக் கார், இலங்கையில் இன்னும் பல வீடுகளில் குடும்ப அட்டையில் பெயர் மட்டும் இல்லாத உறுப்பினர். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இன் தொடக்கத்தில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில், மாமரத்தடியில் கோழி அடைகாத்த கார்களும் "பெறுமதியான சொத்து" என்று பதவி உயர்வு பெற்றன. கோழிகள் வெளியேற்றப்பட்டன. சுரண்டல் தொடங்கியது.

வாவிக்கரையில் இந்த வேலைக்குத் தனிச் சட்டம் உண்டு. மட்டக்களப்பு வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளம். கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று தெற்கே போகும் ஊர்கள் எல்லாம் கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய மணல்நிலத்தில் இருக்கின்றன. காரைக் கிழக்கே பார்க்க நிறுத்தினால் முன்பக்கம் கறள் பிடிக்கும். மேற்கே பார்க்க நிறுத்தினால் பின்பக்கம். உப்பில்லாத ஊரில் உரித்த பொனற் ஓரிரு நாள் வெறுந்தகரமாகக் கிடந்தாலும் பொறுத்துக்கொள்ளும். கல்லடியில் அது மறுநாள் காலை செம்மஞ்சள் நிறத்தில் எழும்பும். ஆகவே பொழுது சாய்வதற்குள் பிறைமர் அடிக்கக்கூடிய அளவுக்கு மேல் உரிக்கக்கூடாது என்பதே முதல் விதி. இது எல்லாருக்கும் தெரியும். முதல் ஞாயிற்றுக்கிழமையின் உற்சாகத்தில் கதவுகள், பொனற், டிக்கி மூடி அத்தனையும் ஒன்றாக உரிக்கப்படுவதும் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான்.

உரிக்குமுன் படைகளை அறிய வேண்டும். ஒரு மூலையில் காசளவு இடத்தைச் சாண்ட் பேப்பரால் தேய்த்தால் நிறங்கள் வளையம் வளையமாகத் தெரியவரும். மேலே இருப்பது பெரும்பாலும் தூரிகையால் அடித்த எனாமல். வள்ளத்துக்கோ கேற்றுக்கோ வாங்கி மிஞ்சியதாக இருந்தால், காரும் கேற்றும் ஒரே வீட்டைச் சேர்ந்தவை என்பது தெருவில் போகிறவருக்கும் விளங்கும். அதன் கீழே வெள்ளை: கார் கலியாண ஹயர் ஓடிய காலம். அதற்கும் கீழே கறுப்பு: கௌரவமான சொந்தக்காரர், அநேகமாகத் தலைமை ஆசிரியரோ அப்போதிக்கரியோ. கடைசியில் ஆமண்ட் கிறீன், கிளாரண்டன் கிறே போன்ற பெயர்களில் தொழிற்சாலை பூசிய நிறம் இருக்கும். 1960 டிசம்பரில் பத்து இலட்சமாவது மைனர் பிறந்ததைக் கொண்டாட, இளம் ஊதா நிறத்தில் சுமார் 350 கார்கள் செய்யப்பட்டன. அடியில் ஊதா தெரிந்தவுடன் இங்கிலாந்துக்குக் கடிதம் எழுத வேண்டியதில்லை. பாலர் பாடசாலை யன்னலுக்கு வாங்கிய மிச்சமாகவும் இருக்கலாம்.

தின்னர் நனைத்த துணியை ஒரு படையின் மேல் சற்று நேரம் வைத்தால் அது எந்தச் சாதி என்று தெரிந்துவிடும். செலுலோஸ் பெயின்ற் கரைந்து துணியில் ஒட்டும். எனாமல் சுருங்கி நெளியும். எனாமலின் மேல் செலுலோஸ் அடித்தால் முழுப் பொனற்றும் அதேபோல் நெளியும் என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்கக்கூடாது. இன்னொன்றும் உண்டு: தகரத்தை இறுகப் பிடித்திருக்கும் பழைய பெயின்றை உரிக்கத் தேவையே இல்லை. தேய்த்து மட்டப்படுத்தி அதன்மேல் அடிக்கலாம். அனுபவமுள்ள டிங்கர் பாஸ் இதைத்தான் முதலில் சொல்வார். அதனால்தான் அவரை யாரும் முதலில் கேட்பதில்லை.

கையால் உரித்தலே மலிவான முறை. கூர் மழுங்கிய சுரண்டும் கத்தி, தண்ணீரில் நனைக்கும் கறுப்புச் சாண்ட் பேப்பர், ஒரு வாளி ஆகியவை போதும். நனைத்துத் தேய்ப்பது சிக்கனத்துக்காக அல்ல. பழைய பெயின்றிலும் பழைய செந்நிறப் பிறைமரிலும் ஈயம் இருக்கும்; காய்ந்த தூளாகப் பறந்தால் அது நேரே மூச்சில் போகும், பிள்ளைகளுக்கு அது மூளையைத் தாக்கும் நஞ்சு. இலங்கையில் பெயின்றில் ஈயத்துக்கு வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013இல்தான். மைனரின் மேல் இருக்கும் படைகளில் பெரும்பாலானவை அதற்கு மூத்தவை. ஆகவே முகமூடி வேண்டும், பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக்கூடாது.

பிள்ளைகளை அனுப்பிவிடலாம். பெரியவர்களை அனுப்ப முடியாது. சாண்ட் பேப்பர் சத்தம் கேட்ட அரை மணித்தியாலத்தில் வேலியோரம் ஆலோசனைச் சபை கூடிவிடும். "மறுகா என்னத்துக்கு மனே உள்ள பெயின்றையும் உரிக்கிறாய்?" என்று மூத்தவர் ஒருவர் தொடங்குவார். அவரிடமும் ஒரு மைனர் இருந்தது, அதை அவர் விற்றார், விற்ற விலை இன்றைக்கு ஒரு ரயருக்கும் காணாது என்ற வரலாறு முடியும்வரை வேலை நிற்கும். தேநீர்ச் செலவை மதிப்பீட்டில் சேர்ப்பது நல்லது.

அடுத்தது மருந்து. காத்தான்குடியில் ஹாட்வெயார் கடைக்குப் போய் "காக்கா, பெயின்ற் ரிமூவர் இருக்கா?" என்று கேட்டால் ஒரு பேணி வரும். பழைய வகை ரிமூவர்களின் உயிர் மெதிலீன் குளோரைட் என்ற திரவம். அது ஏறத்தாழ 40 பாகை செல்சியசில் கொதிக்கும். மட்டக்களப்பின் நடுப்பகல், வெயிலில் கிடக்கும் பொனற்றை அந்தச் சூட்டுக்கும் மேலே எளிதாகக் கொண்டுபோய்விடும் என்பதால், பூசிய மருந்து பெயின்றைத் தொடுமுன் ஆகாயத்துக்குப் போய்விடும். விடிகாலையில், நிழலில், தடிப்பாகப் பூசி, மேலே பொலித்தீன் மூடிக் காத்திருக்க வேண்டும். பெயின்ற் குமிழ் குமிழாகக் கிளம்பும் காட்சி இந்த வேலையில் கிடைக்கும் ஒரேயொரு மகிழ்ச்சி. அதைக் குனிந்து முகர்ந்து பார்க்கக்கூடாது. இந்த ஆவி உடலுக்குள் காபன் மொனொக்சைட்டாக மாறுகிறது. மூடிய அறையில் உயிரைக் குடித்திருக்கிறது. அமெரிக்கா இதைக் கொண்ட பெயின்ற் ரிமூவரைப் பொதுமக்களுக்கு விற்பதை 2019இல் நிறுத்தியது. கையுறை, கண்ணாடி, திறந்த வெளி மூன்றும் கட்டாயம். பிறகு மருந்தை முற்றாகக் கழுவ வேண்டும். கடலோரக் கிணறுகள் சில உவர் என்பதால், கழுவுமுன் கிணற்று நீரை நாக்கில் வைத்துப் பார்ப்பது அவசியம். காற்று கொண்டுவரும் உப்பே போதும். வாளியிலும் கொண்டுவர வேண்டியதில்லை.

மூன்றாவது முறை மணல் வீச்சு. "மணலுக்கா பஞ்சம், கடற்கரையில அள்ளிக்கலாம்" என்று ஆலோசனைச் சபை ஏகமனதாகத் தீர்மானிக்கும். தீர்மானம் மூன்று வகையில் பிழை. கடல் மணலில் உப்பு இருக்கிறது. காற்றழுத்தத்தில் வீசுவது அதைத் தகரத்துக்குள்ளேயே அறைகிறது. இரண்டாவது, உடையும் மணலின் சிலிக்காத் தூள் நுரையீரலில் மாறாத நோயைத் தரும். மூன்றாவது, பொனற்றின் தகரம் ஒரு மில்லிமீற்றர் அளவு தடிப்புத்தான். வீசும் வேகத்தில் அது நீண்டு, சுட்ட அப்பளமாக நெளிந்துவிடும். அடிச்சட்டம், சில்லு போன்ற தடித்த பாகங்களுக்கு மட்டுமே மணல் வீச்சு, அதுவும் அதற்கென்று விற்கும் துகள்களால், உரிய இடத்தில். தகடு கெடாமல் செய்ய அப்பச்சோடாவைக் காற்றில் வீசும் முறையும் உண்டு. 1980களில் நியூயோர்க்கின் சுதந்திரச் சிலையைச் சீரமைத்தபோது உட்புறச் செப்புத் தகட்டை அப்படித்தான் சுத்தப்படுத்தினார்கள். வாவிக்கரை வீடுகளில் அப்பச்சோடா இன்னும் அப்பத்துக்கே போகிறது.

சுடுகாற்றுத் துப்பாக்கி தகரத்தை வளைக்கும். ஈயத்தை ஆவியாக்கவும் கூடும். எரிசோடா எனாமலைக் கழற்றும், கண்ணையும் கழற்றும், லாண்ட் றோவர் போன்ற அலுமினியத் தகடாக இருந்தால் தகட்டையே தின்னும். இரண்டையும் விட்டுவிடலாம்.

பெயின்ற் போனபின் பள்ளங்களை அடைத்த பட்டி தெரியும். காந்தத்தைத் தகரத்தில் ஊர விட்டால் அது ஒட்டாத இடமெல்லாம் பட்டி. சில கார்களில் காந்தத்துக்கு ஒட்ட இடம் தேட வேண்டியிருக்கும். மட்கார்ட்டின் பட்டியைத் தட்டினால் ஓட்டையும், ஓட்டைக்குள் அடைத்த பத்திரிகைத் தாளும் வெளிவருவதுண்டு. திகதி வாசிக்க முடிந்தால், எந்தச் சொந்தக்காரர் எந்த ஆண்டில் மதிலில் மோதினார் என்பதையும் சொல்லிவிடலாம். 2004 டிசம்பர் 26இல் கடல் புகுந்த கரையோரத்தில் இருந்து வந்த கார் என்றால், கதவுகளின் கீழ் மடிப்புகளைத் திறந்தே பார்க்க வேண்டும். மேலே எத்தனை தரம் பூசினாலும் மடிப்புக்குள் தங்கிய உப்பு தன் வேலையை விடுவதில்லை.

வெறுந்தகரத்தில் மிஞ்சும் கறளைப் பொஸ்பரிக் அமிலம் மாற்றிவிடும். கோலாவிலும் அது இருப்பதாக அறிந்த மருமகன் ஒருவர் போத்தலோடு வருவார். இருப்பது உண்மை, அளவு போதாது, சீனி மிஞ்சும், எறும்பு வரும். அமிலம் கழுவிக் காய்ந்த கையோடு பிறைமர் அடிக்க வேண்டும். எபொக்சிப் பிறைமர் ஈரத்தை நன்றாகத் தடுக்கும். சாதாரணப் பிறைமருக்கு நுண்துளைகள் உண்டு. அதை அடித்துவிட்டு மார்கழி மழையில் காரை வெளியே விட்டால் கறள் உள்ளிருந்தே வளரும். ஐப்பசியில் தொடங்கி தை வரைக்கும் இந்த வேலையை எடுக்காமல் இருப்பதே புத்தி. ஆனி, ஆடியில் கச்சான் காற்று தரைப்பக்கமிருந்து காய்ந்து வீசும் நாட்கள்தான் உரித்தலுக்கு உகந்தவை. அந்தக் காற்றோடு முழு ஊரின் புழுதியும் ஈரப் பிறைமரில் வந்து ஒட்டும் என்பதால், கொட்டிலின் மேற்குப் பக்கத்தில் ஒரு பழைய சாக்கைக் கட்டிவிட வேண்டும்.

கடைசி வேலை, எல்லாரும் மறக்கும் வேலை: சுரண்டிய சீவலும் தேய்த்த சேறும். அடியில் ஒரு படங்கை விரித்திருந்தால் அப்படியே சுருட்டி எடுக்கலாம். சேற்றைக் காயவிட்டு, பழைய பெயின்ற் பேணியில் போட்டு, மூடியை இறுக்கி, மற்றக் குப்பையோடு கலக்காமல் ஒப்படையுங்கள். வாளித் தண்ணீரை வாவியில் ஊற்ற வேண்டாம். அங்கே பிடிபடும் இறாலும் நண்டும் அதே வீட்டுக் கறிச்சட்டிக்குத்தான் வருகின்றன.