ஒரு பல் வித்தியாசம்

செம்பூர் சேடா நகர்க்காரர் அவர். முப்பது வருடம் கணக்குப் பிரிவில் பேரேடு எழுதி ஓய்வு பெற்றவர். ட்ரையல் பேலன்சில் ஒரு ரூபாய் இடித்தால் ராத்திரி சாப்பாடு இறங்காத ரகம். அப்படிப்பட்டவர் ஒரு மே மாதக் காலையில், சொசைட்டி பார்க்கிங்கில் தன் பழைய மாருதி எஸ்டீமின் முன் சக்கரத்தைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, டைமிங் பெல்ட்டைத் தானே மாற்ற உட்கார்ந்தார். ஏன் இந்த வேலை என்று கேட்ட செக்ரட்டரிக்கு ஒரே பதில்: "பெல்ட்டுதானே சார்? ஆத்துல தையல் மிஷினுக்கு மாட்டினதில்லையா?"

தெரியாமல் சொன்னாலும் அதில் சரித்திரம் இருக்கிறது. பல் வைத்த ரப்பர் பெல்ட்டை 1940களில் முதலில் வாங்கிக்கொண்டவர்களில் சிங்கர் தையல் மிஷின்காரர்களும் உண்டு. மேலே ஊசியும் கீழே பாபினும் தாளம் தப்பாமல் சந்திக்க வேண்டுமே! பெருமளவில் தயாரான காருக்குள் அது நுழைந்தது 1962இல், கிளாஸ் 1004 என்ற ஜெர்மன் வண்டியில். மும்பை தலைமுறை தலைமுறையாக ஏறி இறங்கிய பத்மினி டாக்சியில் கடைசிவரை செயின்தான். 2023 அக்டோபரில் தெருவை விட்டுப் போகிறவரை அதற்கு டைமிங் பெல்ட் கவலையே இருந்ததில்லை. எஸ்டீமுக்கு இருந்தது. வண்டியின் உற்பத்தியே 2007இல் நின்றுவிட்டது. கவலை மட்டும் நிற்கவில்லை.

பெல்ட் செய்கிற வேலை ஒன்றுதான். கீழே பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் மேலே வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அதனால்தான் கேம் சக்கரத்துக்குப் பற்கள் இரட்டிப்பு. கிராங்க் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது. சில என்ஜின்களில் பிஸ்டன் மேலேறி வரும் இடமும் வால்வு கீழிறங்கும் இடமும் ஒன்றே. அந்தக் கால மில் தொழிலாளர்கள் பரேலில் ஒரே பாயைப் பகல் ஷிப்ட்டும் ராத்திரி ஷிப்ட்டுமாகப் பங்கு போட்டுக்கொண்ட மாதிரி. நேரம் தப்பினால் இரண்டு பேரும் ஒரே பாயில் விழுவார்கள். மனிதர்கள் என்றால் சண்டையோடு போகும், வால்வு வளைந்துவிடும்.

பழைய பெல்ட் சுலபமாகவே வந்துவிட்டது. வந்த வேகத்தில், கேம் சக்கரத்துக்குப் பின்னால் ஆயில் கசிவது அவர் கண்ணில் பட்டது. ஆயில் சீலையும் மாற்றிவிடலாமே என்று சக்கரத்தையும் கழற்றினார். (கணக்குப் பிள்ளைகளின் கெட்ட வழக்கம் இது. போன வருடத்து லெட்ஜரில் ஒரு தப்பு தெரிந்தால் அதற்கு முந்தைய வருடத்தையும் பிரித்துவிடுவார்கள்.) சீல் மாற்றியாயிற்று. சக்கரத்தைத் திரும்ப மாட்டப் போனால், கேம்ஷாஃப்ட்டின் நுனியில் இருக்கும் பின் ஒன்று. அதைப் பிடிக்கச் சக்கரத்தில் இருந்த காடியோ இரண்டு!

எது நம்முடையது? கழற்றும் முன்பு ஜாக்கிரதையாகப் போனில் படம் எடுத்திருந்தார். திறந்து பார்த்தார். தன் கட்டை விரலைத் தெளிவாக எடுத்திருந்தார். ஆபீஸ் புத்தியோடு வைட்னரால் குறியும் இட்டிருந்தார். அதைச் சீல் மாற்றும் சுறுசுறுப்பில் தானே மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்திருந்தார்.

ஆபத்பாந்தவனாக மாட்டுங்கா மச்சினர் போனில் சர்வீஸ் புத்தகத்தைப் படித்தார். "அத்திம்பேர், 'ஈ' இருக்கா பாருங்கோ."

"ஈயா? இங்கே கொசுதான் இருக்கு."

"சக்கரத்துல இங்கிலீஷ் ஈ எழுத்து! அது இருக்கிற காடியிலதான் பின் உக்காரணும்."

இருந்தது. வாழ்நாள் முழுக்க ஈயடிச்சான் காப்பி என்று குமாஸ்தாக்களைத் திட்டிய மனிதர், அன்று கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு பயபக்தியோடு ஈயைத் தேடி, ஈக்கு நேராக மாட்டினார். சக்கரங்களிலேயே இருந்த குறிகள் சேர்ந்தன. பெல்ட் ஏறியது. பெல்ட்டை விறைப்பாக வைக்கும் டென்ஷனரும் இறுகியது. சாவியைத் திருப்பினார். வண்டி கிளம்பிவிட்டது, மார்கழிக் குளிரில் குளத்தில் முங்கி எழுந்தவன் மாதிரி நடுங்கிக்கொண்டு.

அந்த நடுக்கத்தோடே மெக்கானிக்கைத் தேடி ஓட்டிப் போனார். சயான் மேம்பாலத்தில் பின்னால் வந்த டெம்போ, ஸ்கூட்டர், தண்ணீர் கேன் ஏற்றிய சைக்கிள் எல்லாம் அவரைத் தாண்டின. சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

தாராவி 90 அடி சாலைக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு மெக்கானிக். தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை. மூடியைக் கழற்றினார், சத்தம் போடாமல் சிரித்தார். "ஈயெல்லாம் சரியாத்தான் வச்சிருக்கிய சார். பெல்ட்டுத் தொய்வு டென்ஷனர் பக்கம்லா இருக்கணும்? நீங்க இழுக்கிற பக்கம் விட்டுட்டிய. கிராங்க் சுத்துனதும் அந்தத் தொய்வ இழுத்துக்கிட்டு, கேமு ஒரு பல்லு பிந்திப் போச்சு."

"ஒரே ஒரு பல்லுதானே?"

கேட்டவர் யார் என்பதை யோசித்துப் பாருங்கள். கேம் சக்கரத்துக்கு 40 பல் என்று வைத்துக்கொண்டால், ஒரு பல் என்பது கேமில் 9 டிகிரி, கிராங்க்கில் 18 டிகிரி. ஒரு ரூபாய் இடித்தால் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு மார்ச் மாதத்தைத் தாண்டிவிடலாம். என்ஜினில் சஸ்பென்ஸ் கணக்கு கிடையாது.

அரை மணி நேரத்தில் பெல்ட் மறுபடி ஏறியது. மெக்கானிக் சாவியைத் தொடவே இல்லை. கிராங்க் போல்ட்டில் ஸ்பானரை மாட்டி, கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றினார், மெதுவாக, ஆட்டுக்கல் ஆட்டுவது போல. மேலே ஈ, கீழே கிராங்க் சக்கரத்துப் புள்ளி, இரண்டும் தத்தம் இடத்துக்குத் திரும்பி வந்தன. புத்தகத்தில் அடுத்த பக்கத்திலேயே இருந்த வரிதான் அது. போனில் சார்ஜ் தீர்ந்ததால் மச்சினர் படிக்காமல் விட்ட வரி.

கூலி எவ்வளவு என்று பர்ஸை எடுத்தார் பெரியவர். மெக்கானிக் ஒரு தொகை சொல்லிவிட்டு, அவர் சட்டைப் பையைப் பார்த்தார். "அந்த வைட்னர மட்டும் வச்சிட்டுப் போங்க சார். நம்ம கடைல தீந்து போச்சு."