இந்தக் காரும் பால் குடிக்குமா?

அமெரிக்காவில் 'ஸ்டாக்' கார் என்றால் கம்பெனி ஃபிட்டிங், யாரும் கை வைக்காத வண்டி என்று அர்த்தம். நம் ஊரில் பழைய வண்டி விற்கும் புரோக்கர், "ஒரே ஓனர் சார், டாக்டர் வண்டி, ஒரு நட்டைக்கூடப் பிரிக்கலை" என்பாரே, அதே அர்த்தம்தான். அவர் பேச்சை நாம் எவ்வளவு நம்புவோமோ, பந்தயம் நடத்துபவர்களும் அந்தச் சொல்லை அவ்வளவுதான் நம்பியிருக்க வேண்டும். நம்பித் தொலைத்ததில்தான் இந்த வரலாறே தொடங்குகிறது.

1949 ஜூன் 19. வட கரோலினாவின் ஷார்லட் நகரில், புழுதி பறக்கும் மண் பாதையில், நாஸ்கார் அமைப்பு தன் முதல் 'ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்' பந்தயத்தை நடத்தியது. வெறும் ஸ்டாக் இல்லை, ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக். பெயருக்குள்ளேயே ஒரு தலைமையாசிரியர் பிரம்போடு நிற்கிறார். கிளென் டனவே என்பவர் 1947 ஃபோர்டு காரில் மற்றவர்களை மூன்று சுற்று பின்னுக்குத் தள்ளிவிட்டு முதலில் வந்தார். சோதனை செய்பவர் குனிந்து வண்டியின் பின்பக்கம் பார்த்தார். ஸ்பிரிங்கில் கை வைத்திருந்தார்கள்.

அந்த ஸ்பிரிங் விவகாரத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்த ஃபோர்டு, பந்தயத்துக்குச் சில நாள் முன்புவரை கள்ளச்சாராயம் கடத்திக்கொண்டிருந்த வண்டி. டிக்கி நிறைய சாராயம் ஏற்றினால் வண்டியின் பின்பக்கம் தாழும். தாழ்ந்தால் வழியில் நிற்கும் வரித்துறை ஆளுக்குச் சேதி தெரிந்துவிடும். அதனால் சரக்கோடு போகும்போதும் மட்டமாக, மாமியார் வீட்டுக்குப் போகும் வண்டி போலத் தெரியும்படி ஸ்பிரிங்கை முறுக்கேற்றி வைப்பார்கள். சரக்கை இறக்கிய பிறகு பின்பக்கம் வாத்து மாதிரித் தூக்கிக்கொண்டு நிற்கும் என்பது வேறு சங்கடம். மட்டமாகப் போகும் வண்டி வளைவுகளிலும் சாயாமல் போகும், பந்தயத்துக்குத் தோதானது. டனவேயின் வெற்றியை ரத்து செய்து, லிங்கன் காரில் இரண்டாவதாக வந்த ஜிம் ரோப்பருக்குக் கொடுத்தார்கள். ஃபோர்டின் சொந்தக்காரர் சும்மா இருக்கவில்லை, கோர்ட்டுக்குப் போனார். சாராய ஸ்பிரிங்குக்கு நியாயம் கேட்டு வழக்குப் போடுவதற்கு ஒரு தனி நெஞ்சழுத்தம் வேண்டும். நீதிபதி தள்ளுபடி செய்தார்.

ஆக, அமெரிக்காவின் முதல் அக்மார்க் ஸ்டாக் பந்தயத்தில் முதலில் வந்த வண்டி ஸ்டாக் இல்லை. பிள்ளையார் சுழியே கோணல்.

கை வைத்த வண்டியைக் கம்பெனி வண்டி என்று காட்டும் இந்தக் கலை முழு வடிவம் பெற்ற இடம் வட்டப் பாதை அல்ல, நேர்ப் பாதை. டிராக் ரேஸுக்குப் பெரிய இலக்கணம் எதுவும் கிடையாது. கால் மைல், அதாவது 402 மீட்டர். இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். நடுவில் கம்பத்தில் விளக்குகள் மேலிருந்து கீழாக எரிந்து பச்சை வரும். அந்தக் கம்பத்துக்குக் கிறிஸ்துமஸ் மரம் என்று பெயர், 1963இல் வந்தது. பச்சை வந்ததும் மிதிக்க வேண்டும். முன்னால் போனவர் ஜெயித்தார். பதினைந்து வினாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். நம் ஊர் பஸ்ஸில் சில்லறை வாங்க இதைவிட நேரமாகும்.

ஞாயிற்றுக்கிழமை எந்த வண்டி ஜெயிக்கிறதோ அது திங்கட்கிழமை ஷோரூமில் விற்கும் என்பது டெட்ராய்ட்டில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. அதை யாரையும்விட நன்றாகத் தெரிந்தவர் ஜிம் வாங்கர்ஸ். பான்டியாக் கார்களுக்கு விளம்பரம் செய்த ஏஜென்சியின் ஊழியர். விளம்பரக்காரர் என்றால் ஏ.சி. அறையில் உட்கார்ந்து வாசகம் யோசிப்பவர் என்று நினைக்காதீர்கள். 1960இல் டெட்ராய்ட்டில் நடந்த தேசிய டிராக் போட்டியில் இவரே பான்டியாக் கேட்டலினாவை ஓட்டி ஸ்டாக் பிரிவின் உச்சப் பட்டத்தை வென்றவர். சொந்தக் கடை இட்லியை வாசலில் நின்று தானே சாப்பிட்டுக் காட்டும் முதலாளி ஜாதி.

1963 ஜனவரியில் இடி விழுந்தது. பான்டியாக்கின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ், இனி எங்கள் பிரிவுகள் எதுவும் பந்தயத்தில் கலந்துகொள்ளாது என்று உத்தரவு போட்டது. அப்போது பான்டியாக், டிராக் ரேஸுக்காகவே சில கேட்டலினா கார்களைச் செய்துகொண்டிருந்தது. பார்க்கக் குடும்பக் கார். அடியில் சேஸிஸ் முழுக்க ஓட்டை. எடையைக் குறைக்க இரும்பில் துளை துளையாகப் போட்டிருந்தார்கள். 'ஸ்விஸ் சீஸ்' என்று பெயர் வைத்தார்கள். நம் ஆள் யாராவது இருந்திருந்தால் ஆப்பம் என்று வைத்திருப்பார். பதினைந்துக்கு மேல் அவை உருவாகவில்லை, அதற்குள் தடை வந்துவிட்டது.

குடியை விட்டுவிட்டேன் என்று கோயிலில் சத்தியம் செய்தவர் இருமல் மருந்துக் கடையில் கணக்கு வைத்துக்கொள்வது மாதிரி, பான்டியாக் வேறு வழி தேடியது. தலைமை எஞ்சினியர் ஜான் டெலோரியன். பிற்காலத்தில் 'பேக் டு த ஃப்யூச்சர்' படத்தில் காலத்தைக் கடந்து ஓடும் காரைத் தயாரித்த அதே டெலோரியன்தான். நடுத்தர அளவுக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது என்பது தலைமையகத்தின் சட்டம். நம் கணக்கில் 5.4 லிட்டர். ஆனால் பான்டியாக்கின் நடுத்தர அளவு டெம்பஸ்ட் காரில் வைத்த சின்ன இன்ஜினும், பெரிய கார்களில் வைத்த 389 கன அங்குல இன்ஜினும் வெளியே ஒரே அளவு. ஒன்றைக் கழற்றி மற்றொன்றை மாட்டினால் போல்ட் எல்லாம் தானாக வந்து பொருந்தும். புதிய மாடல் என்று சொன்னால்தானே மேலிடத்தில் கையெழுத்து வாங்க வேண்டும்? இது மாடல் இல்லை, வாடிக்கையாளர் விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் ஐட்டம் என்றார்கள். சாப்பாட்டுக்கு அப்பளம் எக்ஸ்ட்ரா மாதிரி, காருக்கு 6.4 லிட்டர் இன்ஜின் எக்ஸ்ட்ரா. 300 டாலருக்குள் விலை. விற்பனைப் பிரிவின் தலைவர் 5,000 வண்டி போதும் என்று அரை மனதாகச் சம்மதித்தார். முதல் வருஷமே 32,450 போயின.

அந்த எக்ஸ்ட்ரா அப்பளத்துக்கு வைத்த பெயர் ஜிடிஓ. இதுவும் சொந்தச் சரக்கு இல்லை. இத்தாலியில் ஃபெராரி 250 ஜிடிஓ என்று ஒரு பந்தயக் கார் இருந்தது. அதில் கடைசி 'ஓ' என்பது 'ஒமொலொகாட்டோ', அதாவது விதிப்படி அங்கீகாரம் பெற்றது. விதி என்ன? 100 கார் செய்திருக்க வேண்டும். ஃபெராரி நாற்பதுகூடச் செய்யவில்லை. இது புதுக் காரே இல்லை, எங்கள் பழைய காரின் இன்னொரு உருவம் என்று சாதித்து முத்திரை வாங்கிக்கொண்டார்கள். அங்கீகாரம் என்ற சொல்லையே பெயரில் ஒட்டிக்கொண்ட கார், அங்கீகாரத்தை வாங்கிய விதம் இது! பான்டியாக் பெயரைத் திருடியது என்று ஐரோப்பியக் கார் ரசிகர்கள் கொதித்தார்கள். எனக்கென்னவோ, பெயர் சரியான வாரிசிடம்தான் போய்ச் சேர்ந்தது என்று படுகிறது.

வாங்கர்ஸ் மூளையில் மணி அடித்தது. இரண்டு ஜிடிஓவையும் மோதவிட்டால் என்ன? 1964 மார்ச் மாத 'கார் அண்ட் டிரைவர்' இதழின் அட்டையில் ஃபெராரியும் பான்டியாக்கும் போட்டி போட்டுக்கொண்டு பாய்ந்தன. அட்டையில் மட்டும்தான். அது ஓவியம். சோதனை நடந்த இடத்துக்கு ஃபெராரி வரவே இல்லை. மாப்பிள்ளை வராத கல்யாணத்தில் பெண்ணை மட்டும் ஊஞ்சலில் உட்காரவைத்துப் பாடினார்கள். டிராக் ரேஸில் பான்டியாக்தான் ஜெயிக்கும் என்று தீர்ப்பும் எழுதினார்கள்.

அந்தச் சோதனைக்காக ஃபுளோரிடாவின் டேட்டோனாவுக்கு அனுப்பிய வண்டிகளைத் தயார் செய்தது ராயல் பான்டியாக் என்ற டீலரின் பட்டறை. அவர்களுடைய கைவேலைக்கு 'பாப்கேட்' என்று பெயர். பானவில், கேட்டலினா என்ற இரண்டு கார்களின் பெயர்ப் பலகை எழுத்துகளைப் பிடுங்கிச் சேர்த்து ஒட்டிய பெயர் அது. பாப்கேட் என்றால் காட்டுப்பூனை. கண்ணை மூடிக்கொண்டு பால் குடிக்கும் வேலைக்கு வேறு எந்தப் பிராணியின் பெயர் பொருந்தும்? வேலை என்னவோ சில்லறைதான். ஹெட் கேஸ்கெட்டை எடுத்துவிட்டு மெல்லியதைப் போடுவது, அதனால் கம்ப்ரஷன் ஏறும். கார்புரேட்டர் ஜெட்டை மாற்றுவது. ஸ்பார்க் நேரத்தை முன்னால் தள்ளுவது. பானெட்டைத் திறந்து பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. இதெல்லாம் ஊரறிந்த டியூனிங்.

வந்த கணக்கைப் பாருங்கள். நின்ற இடத்திலிருந்து 60 மைல் வேகத்தைத் தொட 4.6 வினாடி. கால் மைல் 13.1 வினாடியில், முடிவில் மணிக்கு 115 மைல் வேகம், 185 கிலோமீட்டர். 1964இல், நான்கு பேர் உட்கார்ந்து சர்ச்சுக்குப் போகும் காரில்! இதைப் படித்த பையன்கள் ஷோரூமுக்கு ஓடினார்கள். வாங்கி வந்து மிதித்தார்கள். 4.6 வரவில்லை. தன் வண்டியில்தான் ஏதோ கோளாறு, அல்லது தனக்குத்தான் கியர் போடத் தெரியவில்லை என்று எத்தனை பேர் தன்னையே நொந்துகொண்டிருப்பார்கள்! முகப்பூச்சு விளம்பரத்தை நம்பிக் கண்ணாடி முன் நிற்பவர்களின் சோகமும் இதுதான்.

அவர்கள் மேல் தப்பே இல்லை. டேட்டோனா போன வண்டிகளில் ஒன்றில் இருந்தது 389 இல்லை. அதைவிடப் பெரிய 421, 6.9 லிட்டர். வெளியே பார்க்க அண்ணன் தம்பி போல ஒரே முகஜாடை. அதே பெயிண்ட், அதே போல்ட். அளவுகோலை சிலிண்டருக்குள் விட்டாலொழிய கண்டுபிடிக்க முடியாது. தலைமையகத்தின் சட்டத்தை ஏமாற்ற எந்த ஒற்றுமை உதவியதோ, அதே ஒற்றுமை வாசகர்களை ஏமாற்றவும் உதவியது. வாங்கர்ஸ் வாயைத் திறக்கவில்லை. 1998இல் 'குளோரி டேஸ்' என்று நினைவுகளை எழுதியபோதுதான் 421ஐப் போட்டுடைத்தார். 34 வருஷம்! குட்டு வெளிப்பட்டபோது பழைய ஜிடிஓ எல்லாம் சேகரிப்பாளர்களின் பொக்கிஷமாகிவிட்டது. கோபித்துக்கொள்ள யாருக்கும் மனம் வரவில்லை. அந்தக் காருக்கு அவர்கள் விளம்பரத்தில் கொடுத்த செல்லப்பெயர் புலி. பசுத்தோல் போர்த்திய புலி என்று நம் முன்னோர் சொன்னதை அப்படியே செய்து காட்டிவிட்டு, தோலை மட்டும் விளம்பரத்தில் சொல்லாமல் விட்டார்கள்.

பான்டியாக்கை மட்டும் திட்டினால் பாவம். மற்ற கம்பெனிக்காரர்கள் இன்னும் சாமர்த்தியமாக, அச்சடித்த காகிதத்திலேயே பொய் சொன்னார்கள். அதுவும் தலைகீழ்ப் பொய். டிராக் ரேஸில் வண்டியின் எடையை, கம்பெனி அறிவித்த குதிரைசக்தியால் வகுத்துத்தான் எந்தப் பிரிவு என்று முடிவு செய்வார்கள். அப்படியானால் சக்தியைக் குறைத்துச் சொன்னால் நோஞ்சான்களோடு ஓடலாம். மீசை முளைத்தவனைப் பதினான்கு வயதுக்குட்பட்டோர் கபடி அணியில் சேர்க்கும் அதே தந்திரம். 1968இல் ஃபோர்டு, 428 கன அங்குல கோப்ரா ஜெட் இன்ஜின் வைத்த மஸ்டாங்கைக் கொண்டுவந்து, 335 குதிரைசக்திதான் ஐயா என்று பணிவாகச் சொன்னது. அந்த வருஷம் கலிஃபோர்னியாவின் பமோனாவில் நடந்த குளிர்காலப் போட்டிக்கு வந்த நோஞ்சான் சூப்பர் ஸ்டாக் பட்டத்தை அள்ளிக்கொண்டு போனது. போட்டி நடத்துபவர்கள் அதன் பிறகு கம்பெனி எழுதியதைப் படிப்பதை நிறுத்திவிட்டு, தாங்களே சக்தியை மதிப்பிட்டு எழுத ஆரம்பித்தார்கள். வரவேண்டிய ஞானம், கொஞ்சம் லேட்.

இன்னொரு கோஷ்டி காரின் உடம்பையே அமிலத்தில் முக்கி எடுத்தது. தகடு அரித்து மெலியும், எடை குறையும். இது டிராக் ரேஸுக்கு வெளியேயும் பரவியது. ரோஜர் பென்ஸ்கேயின் பந்தய அணி வைத்திருந்த கமாரோ கார் ஒன்றில் கூரைத் தகடு அப்பளமாகி நெளிந்துவிட்டது. அதை மறைக்க மேலே கறுப்பு வினைல் துணி ஒட்டினார்கள். பார்த்தவர்களுக்கு அது ஷோரூமில் கிடைக்கும் அலங்காரக் கூரை. வழுக்கைக்கு விக் வைத்தவரைப் பார்த்து, என்ன எண்ணெய் தேய்க்கிறீர்கள் என்று கேட்டது போலத்தான்.

இன்றைக்கு இது ஒளிந்து செய்யும் வேலை இல்லை, சங்கம் வைத்து நடத்துகிறார்கள். இரண்டு மடம் உண்டு. மிச்சிகனின் ஸ்டான்டனில் 'ப்யூர் ஸ்டாக்' கூட்டம் கூடும். அது வைதீக மடம். உள்ளேயும் கம்பெனி சாமானின் அளவே இருக்க வேண்டும். இன்னொன்று 'ஃபாஸ்ட்'. கம்பெனி வண்டி போலத் தோன்ற வேண்டும், டயர் பழைய அளவிலேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான். உள்ளே எதையும் செய்துகொள்ளலாம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு வெளியே பழைய வார்ப்பிரும்பு, உள்ளே அரைக்கும் பசையை அழுத்தத்தோடு செலுத்தி வழவழவென்று அகலப்படுத்தியிருப்பார்கள். கார்புரேட்டருக்கும் அதே கதி. அறுபது வயதுக் கார், தாத்தா காலத்து ஒல்லி டயரில், 10 வினாடிக்கும் கீழே கால் மைலைக் கடக்கிறது.

இதில் வேடிக்கை, டயர்தான் எமன். அந்தச் சக்தியை அந்த ரப்பர் தாங்காது. பச்சை விளக்கு வந்ததும் மிதித்தால் புகை மட்டும் முன்னால் போகும், வண்டி அங்கேயே நிற்கும். அதனால் ஓட்டுபவர் தூங்கும் குழந்தை பக்கத்திலிருந்து எழுந்து வருபவர் போல, கால் கட்டை விரலால் பெடலைத் தொட்டுத் தொட்டு நகர்த்துகிறார். முதல் அறுபது அடிக்கு, பக்கத்து வீட்டு மாமா காய்கறி வாங்கக் கிளம்புகிறாரோ என்றுதான் தோன்றும். அதன் பிறகு மாமா கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஓட்டத்துக்கு முன் சோதனை உண்டு. பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு, பெண் பார்க்க வந்த அத்தை மாதிரித் தலை சாய்த்துப் பார்க்கிறார்கள். ஏர் கிளீனர் மூடியில் அந்த வருஷத்து ஸ்டிக்கர் இருக்கிறதா? இருக்கிறது. இன்ஜின் பெயிண்ட் கம்பெனி நிறமா? அச்சு அசல். ஸ்டிக்கரில் அச்சடித்திருக்கும் குதிரைசக்தியைப் போல இரண்டு மடங்கு சக்தி அதற்குக் கீழே சாதுவாக உறுமிக்கொண்டிருக்கிறது. உரிமையாளர் துணியால் அந்த ஸ்டிக்கரின் மேலிருக்கும் தூசியைத் துடைத்துவிட்டு, பானெட்டை மெதுவாகச் சாத்துகிறார்.