அத்தை நினைச்சது அது இல்லையாம்

சொந்தத்தில் ஒருவனுக்கு வீடியோ எடிட்டிங் தெரியும் என்ற செய்தி வெளியே போய்விட்டால், அதற்கப்புறம் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. காதுகுத்து, சீமந்தம், கிரகப்பிரவேசம் என்று எல்லா விசேஷங்களின் மெமரி கார்டும் அவன் வீட்டுக்கு வந்து சேரும். கூடவே, “சும்மா ரெண்டு கட் பண்ணி ஒரு பாட்டைப் போட்டுக் குடுடா” என்ற சலுகையும் வரும். பணப் பேச்சு மட்டும் வராது.

பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணம் திருக்கடையூரில் நடந்தது. வீடியோவை வெட்டி ஒட்டும் பொறுப்பு வழக்கப்படி என் தலையில். அதோடு விட்டிருக்கலாம். கல்லூரியில் படிக்கும் சித்தி மகள் ஒரு யோசனை சொன்னாள்: “அண்ணா, எல்லார் தலைக்கு மேலயும் தாட் பபிள் போடுங்க. மனசுல என்ன ஓடுதுன்னு காட்டுங்க. செம காமெடியா இருக்கும்.” யோசனை சொல்கிறவர்கள் ரெண்டர் ஆகும் வரை கண்விழித்து உட்கார வேண்டியதில்லை என்பது இந்தத் தொழிலின் நிரந்தர அநீதி.

தாட் பபிள் பார்வைக்கு எளிய சமாச்சாரம்தான். மேலே ஒரு மேகம், அதிலிருந்து தலையை நோக்கி இறங்கும் இரண்டு மூன்று வட்டங்கள், அவ்வளவுதான். வால் இருந்தால் பேச்சு, வட்டம் இருந்தால் நினைப்பு. 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியைக் கொண்டுவந்த காலத்திலிருந்தே தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது அத்துப்படி. பூகோளப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படித்தவர்களுக்கு இன்னும் நன்றாகவே தெரியும்.

இணையத்தில் தேடினால் மேகம் மேகமாகக் கொட்டும். பின்னணியில் சாம்பலும் வெள்ளையுமாகக் கட்டங்கள் தெரிந்தால் அது பின்னணி இல்லாத பிஎன்ஜி படம் என்று நம்பி இறக்குவோம். டைம்லைனில் போட்டால் கட்டங்களும் சேர்ந்தே வந்து இறங்கும். எவனோ ஒரு புண்ணியவான் கட்டங்களைப் படத்திலேயே வரைந்து வைத்திருப்பான். சித்தப்பா தலைக்கு மேல் சதுரங்கப் பலகை. பாரதிய நியாய சம்ஹிதாவில் இதற்கென்று ஒரு தனிப் பிரிவு சேர்க்கலாம்.

ஆகவே சொந்தமாக வரைந்துகொள்வதே மரியாதை. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே, கிராஃபிக்ஸ் வேலைக்கான ஃப்யூஷன் பக்கம் இருக்கிறது. அதில் ஏழெட்டு நீள்வட்டங்களை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்துப் போட்டால் மேகம் தயார். ஆனால் சூட்சுமம் அது தோன்றுகிற விதத்தில் இருக்கிறது. நொடிக்கு 25 ஃபிரேம் என்று வையுங்கள். தலைக்குப் பக்கத்தில் இருக்கும் பொடி வட்டம் முதலில் வர வேண்டும். மூன்று நான்கு ஃபிரேம் கழித்து அடுத்த வட்டம், கடைசியில் மேகம். கீஃப்ரேம் வைக்கும்போது மேகத்தின் அளவு 0-லிருந்து நேராக 100-க்குப் போய் நிற்கக் கூடாது. 110 வரை போய், கொஞ்சம் கூச்சப்பட்டு 100-க்குத் திரும்ப வேண்டும். அந்தப் பத்து இல்லாவிட்டால் தாலுகா ஆபீஸ் முத்திரை மாதிரி ‘தொப்’பென்று விழும். இருந்தால், மனுஷனுக்கு இப்போதுதான் அந்த நினைப்பு வந்தது என்று பார்ப்பவர் நம்புவார்.

அடுத்து எழுத்து. மேகத்துக்குள் ‘போச்சு’ என்று அடித்தேன். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் சிதறிக் கிடக்க, ப அநாதையாக நின்றது. பல மென்பொருள்கள் இப்படித்தான். சிலவற்றில் அமைப்புகளுக்குள் புகுந்து, எழுத்து எஞ்சினைத் தெற்காசிய மொழிகளுக்கு என்று மாற்றிவிட்டு, மூடித் திறந்தால்தான் கொம்பும் காலும் குடும்பமாகச் சேரும். அறுபதாம் கல்யாணத்துக்கே நல்ல சகுனம்.

பிறகு டிராக்கிங். ஆள் நகர்ந்தால் மேகமும் கூடவே நகர வேண்டுமே! டிராக்கருக்குச் சித்தப்பாவும் தெரியாது, சீனியாரிட்டியும் தெரியாது. வெளிச்சமும் நிழலும் பளிச்சென்று பிரியும் ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டு ஃபிரேம் ஃபிரேமாக அதன் பின்னால் ஓடும், அவ்வளவே. சித்தப்பாவின் நெற்றிக் குங்குமத்தைக் காட்டிக் கொடுத்தேன். பந்தியில் குறுக்கே ஒருவர் எவர்சில்வர் வாளியோடு போனார். மேகம் சித்தப்பாவைக் கைவிட்டுவிட்டு வாளியைத் தொற்றிக்கொண்டு இலை இலையாகப் போயிற்று. உள்ளே எழுதியிருந்தது: ‘மொய் கவர்ல எவ்வளவு வெச்சோம்?’ சாம்பார் அப்படி யோசிப்பதும் நன்றாகத்தான் இருந்தது.

இவ்வளவும் செய்து முடித்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மாதிரிக்கு ஒரு நிமிடம் போட்டேன். அதுவரைக்கும் இருந்தது தொழில்நுட்பக் கஷ்டம். அப்புறம் வந்ததுதான் கஷ்டம்.

முதல் போன் மாமாவிடமிருந்து. ஹோமத்தின்போது அவர் வாய் திறந்து தூங்கியதற்கு ‘கொர்ர்ர்’ என்று போட்டிருந்தேன். “நான் தூங்கல மாப்ளே, தியானத்துல இருந்தேன்” என்றார். மாற்றினேன். இப்போது மாமா வாயைப் பிளந்தபடி தலைக்கு மேல் ‘ஓம்’ என்று இருக்கிறார். முன்னைவிட மோசம், ஆனால் அவருக்குத் திருப்தி.

அடுத்தது அத்தை. மாலை மாற்றும் கட்டத்தில் அத்தை மேடையையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘பாயசம் எப்போ போடுவாங்க?’ என்று எழுதியிருந்தேன்.

“டேய் தம்பி, பாயசத்தைப் பத்தி நான் எதுக்குடா நினைக்கப் போறேன்? சுகர்க்காரி நான்.”

“சரி அத்தை. பின்னே என்ன நினைச்சீங்க? அதையே போட்டுடறேன்.”

“உங்க பெரியம்மா கழுத்துல கிடந்த ஆரம் எங்கம்மாவோடது. எனக்குத்தான் தரேன்னு வாயால சொல்லிட்டுப் போனா. அதைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். போடு பார்ப்போம்.”

பாயசத்தைச் சர்க்கரை இல்லாத பாயசமாக மாற்றி, போனை வைத்தேன்.

சினிமாக்காரர்களுக்கு இந்த வம்பு இல்லை. 1940-ல் பி.யு. சின்னப்பா ‘உத்தம புத்திர’னில் இரட்டை வேடம் கட்டிய காலத்திலேயே, ஒரே ஆளைத் திரையில் இரண்டாகக் காட்டும் வித்தை நம் ஊருக்கு வந்துவிட்டது. லென்ஸின் பாதியை மறைத்து எடுத்து, பிலிமைப் பின்னால் சுற்றி, மறுபாதியைத் திறந்து எடுப்பார்கள். பிறகென்ன, மனசாட்சி சலவை வேட்டியோடு கண்ணாடியில் வந்து நின்று கதாநாயகனைத் திட்டும். திட்டுகிறவரும் திட்டு வாங்குகிறவரும் ஒருவரே, சம்பளமும் ஒன்றே, ஆகவே தகராறு இல்லை. வள்ளுவரும் உஷார். தலைவி தன் நெஞ்சோடு தானே பேசிக்கொள்வதற்கு ‘நெஞ்சொடு கிளத்தல்’ என்று 125-ஆம் அதிகாரம் வைத்தார். அடுத்தவர் மனத்தில் இருப்பதைப் படிக்கும் ‘குறிப்பறிதல்’ அவருக்கே ஓர் அதிகாரத்தில் அடங்கவில்லை. 71-ல் அமைச்சருக்கு ஒன்று, 110-ல் காதலருக்கு ஒன்று என்று ஒரே பெயரில் இரண்டு எழுதினார். அத்தைமாருக்கு மூன்றாவது ஒன்று எழுதாமல் விட்டதில் அவருடைய அனுபவம் தெரிகிறது.

காமிக்ஸ் உலகத்திலும் புத்திசாலிகள் விலகிப் போயிருக்கிறார்கள். 1982-ல் ஆலன் மூரும் டேவிட் லாய்டும் ‘வி ஃபார் வெண்டெட்டா’வைத் தொடங்கியபோது தாட் பபிளே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். முகத்தைப் பார்த்து வாசகரே ஊகித்துக்கொள்ளட்டும் என்று விடுவது கலை. குடும்ப வீடியோவில் அது கலை மட்டுமல்ல, தற்காப்பும்கூட. ஏனென்றால் குமிழிக்குள் பொய் எழுதினால் கோபம் வரும், நிஜத்தை எழுதினால் பாகப்பிரிவினை வரும்.

தாட் பபிளை நிம்மதியாகப் போட்டுப் பெயர் வாங்கியவர்கள் யார் என்று பாருங்கள். சார்லஸ் ஷுல்ஸ் 1950-ல் தொடங்கிய ‘பீநட்ஸ்’ தொடரில் குமிழி குமிழியாக யோசிப்பது ஸ்னூப்பி என்ற நாய். 1978-ல் ஜிம் டேவிஸ் கொண்டுவந்த கார்ஃபீல்ட் ஒரு பூனை. அது பேசுவதே இல்லை, எல்லாம் நினைப்புதான். நாயும் பூனையும் போன் செய்து ஆரத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

இதை உணர்ந்த பிறகு வேலை சுலபமாகிவிட்டது. மனிதர்கள் தலையிலிருந்த மேகங்களையெல்லாம் கழற்றினேன். பெரியப்பாவுக்கு மட்டும் அவர் கேட்டபடியே ‘எல்லாம் அவன் செயல்’. திருக்கடையூரில் கோபூஜையும் கஜபூஜையும் உண்டு, ஆகவே ஆள் பஞ்சமில்லை. பசுவின் தலைக்கு மேல் ‘காலையிலேருந்து எத்தனை அறுபது!’ யானையின் தலைக்கு மேல் ‘எண்பதுக்கும் வாங்க.’ குரூப்பில் எல்லாரும் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மையைப் போட்டார்கள். மாமா இரண்டு முறை போட்டார்.

உங்கள் வீட்டு விசேஷத்துக்கும் யாராவது இதைக் கேட்பார்கள். மேகத்தை அழகாகச் செய்யுங்கள், அந்த 110-ஐ மறக்காதீர்கள். ஆனால் அதைப் பசு, யானை, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை ஆகியோர் தலைக்கு மேல் மட்டும் வையுங்கள். மற்றவர்கள் என்ன நினைத்தார்கள் என்று கேட்டுக்கொண்டு போன் மட்டும் செய்துவிடாதீர்கள்.