எந்த ஊர் தம்பி?

எங்கள் சி.எஸ்.ஐ. கோயிலில் வரவேற்புக் குழுவுக்கு ஆள் கேட்டார்கள். போதகரின் மனைவியான ஐயரம்மாவின் பார்வை என் மேல் விழுந்தது. கை தானாக உயர்ந்தது. மறு ஞாயிறே சட்டையில் பேட்ஜ், கையில் ஆராதனைத் தாள், முகத்தில் கடைசி மணி அடிக்கும்வரை தாங்க வேண்டிய புன்னகை.

"ஸ்தோத்திரம், வாங்க" என்று சொல்லி உள்ளே அனுப்பினால் போதும் என்று நினைத்திருந்தேன். கமிட்டி அண்ணாச்சி தலையை ஆட்டினார். "புது ஆள்னா விசாரிக்கணும் தம்பி." விசாரணை அன்பாகத்தான் தொடங்கும். எந்த ஊர்? அங்கே எந்தத் தெரு? அப்பா பேர் என்ன? மூன்றாவது கேள்விக்குள் சாதி தெரிந்துவிடும். ஞானஸ்நானத் தண்ணீரிலும் போகாத சாயம் அது.

அடுத்தது இடம். மூன்றாவது பெஞ்சு ஓரம் டீச்சரம்மாவுடையது. மின்விசிறிக்குக் கீழே கமிட்டிக்காரர்கள். தூண் மறைக்கும் இடம்தான் விருந்தாளிக்கு. அன்று காரில் வந்தவருக்கு மட்டும் முன்வரிசை காட்டினேன். சைக்கிளில் வந்தவர் தூணோரம்.

அன்றைய பிரசங்கம் யாக்கோபு நிருபம், 2-ஆம் அதிகாரம். பொன்மோதிரக்காரனை நல்ல இடத்தில் உட்காரவைத்து, கந்தைக்காரனை ஓரமாக நிற்கச் சொல்பவர்களைக் கண்டிக்கிற பகுதி. வாசல் வேலைக்கென்றே எழுதியதுபோல் இருந்தது. சைக்கிள்காரர் தூணுக்கு அப்பாலிருந்து எட்டி, என்னைப் பார்த்துச் சிரித்தார். என்னுடையதைவிட நல்ல புன்னகை.

அடுத்த வாரம் பேட்ஜை அவருக்கே குத்திவிடலாம் என்றிருக்கிறேன். ஆனால் அவர் எந்த ஊர் என்று அண்ணாச்சி கேட்பாரே!